யாரோ ஒருவர் பிரிக்கத்தான் செய்கிறார்

சென்ற இதழில் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் குப்பையைப் பற்றி வெளியான கட்டுரையைப் படித்தேன். எழுதியவர் பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் ஒரு பெரிய வளாகத்தின் சங்கத்தில் பொறுப்பு வகித்தவராம். நடை சரளமாக இருக்கிறது, கிண்டல் இருக்கிறது, சங்கக் கூட்டங்களில் நடக்கும் கூத்துகளைப் பற்றிய வர்ணனையும் இருக்கிறது. எந்தக் குப்பையைப் பற்றி எழுதினாரோ அதை ஒருநாளாவது குனிந்து பார்த்ததற்கான அடையாளம்தான் இல்லை.

அவர் சொல்வதைச் சுருக்கினால் இவ்வளவுதான். வீட்டுக்குள் வாளி வாளியாக வைத்துப் பிரிப்பது ஓய்வுபெற்றவர்களின் பொழுதுபோக்கு. எப்படிப் பிரித்துக் கொடுத்தாலும் லாரியில் ஒன்றாகத்தான் கொட்டுகிறார்கள். நம் ஆட்களுக்கு இந்தப் பழக்கம் வரவே வராது. வாடகைக்கு இருக்கும் பையன்கள் ஒத்துழைக்க மாட்டார்கள். உரக்குழி வைத்தால் நாற்றமும் எலியும் வந்து வீட்டின் மதிப்பு இறங்கிவிடும். சிங்கப்பூர்க்காரனைப் போல மொத்தத்தையும் எரித்துவிட்டால் வேலை முடிந்தது. போதாததற்கு, நாமே பிரித்து விற்றுவிட்டால் குப்பை பொறுக்கிப் பிழைக்கும் ஏழைகளின் வயிற்றில் அடித்ததாகிவிடும்.

கடைசி இரண்டையும் சேர்த்துப் படித்துப் பாருங்கள். எல்லாவற்றையும் எரித்துவிட்டால் பொறுக்குகிறவருக்குச் சாம்பலைத் தவிர என்ன மிஞ்சும்? ஒரே பக்கத்தில் அவர்களுக்காகக் கண்ணீரும் விட்டு, அவர்கள் பிழைப்புக்குத் தீயும் வைத்திருக்கிறார். ஏதாவது ஒரு காரணம் கிடைத்தால் போதும் என்று தேடும்போது காரணங்கள் ஒன்றையொன்று முறைத்துக்கொள்வது கண்ணில் படாது.

லாரி வாதத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். இருப்பதற்குள் உண்மை கொஞ்சம் இருப்பது அதில்தான். பச்சைத் தொட்டியையும் நீலத் தொட்டியையும் ஒரே காம்பாக்டர் வண்டியில் கவிழ்ப்பதைச் சென்னையில் பார்க்காதவர்கள் குறைவு. அந்தக் காட்சி ஒருமுறை கண்ணில் பட்டால் ஆறு மாதம் பிரித்த கை சோர்ந்துபோவது இயல்பு. தெருவில் தனி வீட்டில் இருக்கும் ஒருவர் இதைச் சொன்னால் நானும் அவரோடு சேர்ந்து மாநகராட்சியைத் திட்டுவேன். இவர் வளாகத்துக்கு அந்தச் சலுகை கிடையாது.

கணக்குப் போடுவோம். 200 வீடுகள், வீட்டுக்குச் சராசரியாக மூன்றரை பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு அரை கிலோ என்று வைத்தால் 350 கிலோ. 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளின்படி நாளொன்றுக்குச் சராசரியாக 100 கிலோவைத் தாண்டினாலே மொத்தக் கழிவு உருவாக்குநர் என்ற வகைக்குள் வந்துவிடுவீர்கள். 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட வளாகங்கள் ஓராண்டுக்குள் பிரிக்கும் ஏற்பாட்டைச் செய்து முடிக்க வேண்டும் என்றும், மக்கும் குப்பையை முடிந்தவரை வளாகத்துக்குள்ளேயே உரமாகவோ எரிவாயுவாகவோ மாற்ற வேண்டும் என்றும், மறுசுழற்சிக்கு உரியவற்றை அங்கீகாரம் பெற்ற சேகரிப்போரிடமோ மறுசுழற்சியாளரிடமோ தர வேண்டும் என்றும் அதே விதிகள் கூறின. அந்த ஓராண்டு 2017 ஏப்ரலில் முடிந்துவிட்டது. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை என அறிவிக்கப்பட்ட புதிய விதிகள் மூன்று பிரிவை நான்காக்கி, ஈரக் குப்பை, உலர் குப்பை, நாப்கின் டயபர் வகையறா, தனிக் கவனம் தேவைப்படுபவை என்று வகுக்கின்றன. வாளிகளைக் கண்டு அலுத்துக்கொள்ளும் நண்பர் இன்னொரு வாளிக்கு இடம் பார்த்து வைக்க வேண்டியதுதான்.

ஆக, லாரி எங்கே வருகிறது? நம் வீட்டுக் குப்பையில் ஏறக்குறைய பாதி, காய்கறித் தோலும் மிஞ்சிய சோறும் காபித் தூளும். அது வளாக வாசலைத் தாண்டவே கூடாது. செய்தித்தாள், அட்டைப்பெட்டி, பாட்டில், இரும்பு எல்லாம் காயலான் கடைக்குப் போகிறவை. அதற்கு எடைபோட்டுக் காசு தருகிறார்கள். இரண்டையும் கழித்துவிட்டால் வண்டியில் ஏறுவதற்கு மிஞ்சும் பங்கு சிறியது. இந்தச் சிறிய பங்கை லாரிக்காரர் கலந்துவிடுவார் என்பதற்காக மொத்தத்தையும் நாமே முதலிலேயே கலந்து வைத்துவிடலாம் என்கிறார் நண்பர். வரி கட்டுகிறோமே என்ற அவருடைய பல்லவிக்கும் இதே பதில்தான். வரி கட்டுகிறவருக்குச் சட்டம் பொருந்தாது என்று எந்த ரசீதிலும் அச்சிட்டிருக்கவில்லை.

நம் ஆட்களுக்குப் பழக்கம் வராது என்பதை அவர் இரண்டு இடங்களில் அழுத்திச் சொல்கிறார். இதைப் படித்தபோதுதான் உண்மையில் கோபம் வந்தது. எந்த ஊர் ஆட்களைச் சொல்கிறார்? ஆவின் பால் கவரை ஓரம் பார்த்து வெட்டி, அலசி, சமையலறைச் சுவரில் ஒட்டிக் காயவைத்து, கட்டாகச் சேர்த்துப் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்ட பெண்கள் இந்த ஊர்ப் பெண்கள். தினசரியைத் தனியாக, வாரப் பத்திரிகையைத் தனியாக அடுக்கி, அவர் தராசைத் தூக்கும்போது முள் நேராக நிற்கிறதா என்று கண்கொட்டாமல் பார்த்தவர்கள் நம் அப்பாக்கள். கழுநீர்ப் பானையில் அரிசி கழுவிய தண்ணீரும் காய்த் தோலும் சேர்ந்தால் மாட்டுக்காரர் வீட்டுக்கே வந்து ஊற்றிக்கொண்டு போவார். ஈரமும் உலர்ந்ததும் பிரிந்துதான் இருந்தன, அதற்கு யாரும் பயிலரங்கம் நடத்தவில்லை. பிரிக்கும் அறிவு இந்த வீடுகளுக்குப் புதிதாகக் கற்றுத்தர வேண்டிய ஒன்றாக ஒருபோதும் இருந்ததில்லை. கருப்புக் கவர் வந்த பிறகுதான் அது மறந்தது. கட்டி வாசலில் வைத்துவிட்டால் உள்ளே என்ன இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது, வைத்தவருக்கே மறுநாள் நினைவிருக்காது.

சேர்ந்து செய்யும் பழக்கமும் நமக்கில்லை என்பாரோ? 1989-இல் எம்.பி.நிர்மல் தொடங்கிய எக்ஸ்நோரா என்ற தன்னார்வ அமைப்பின் தெருக்கிளைகள் இதே சென்னையில்தான் வீட்டுக்கு வீடு மாதச் சந்தா வசூலித்து, மூன்று சக்கர வண்டிக்கும் ஆளுக்கும் தாங்களே சம்பளம் கொடுத்து, வாசலில் வந்து குப்பை எடுக்க வைத்தன. லிப்ட் கிடையாது, ஜெனரேட்டர் கிடையாது, சங்க அலுவலகத்தில் குளிர்சாதனம் கிடையாது. தெருவாசிகளுக்குச் சாத்தியமானது, மெயின்டனன்ஸாக மாதம் ஆயிரக்கணக்கில் வசூலிக்கும் வளாகத்துக்கு ஆகாதாம்.

வாடகைக்கு இருப்பவர்கள் மீது போட்ட பழியைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. லிப்டில் நாய், மாடியில் துணி, பார்க்கிங்கில் வண்டி என்று எதில் தகராறு வந்தாலும் குற்றப்பத்திரிகையில் முதல் பெயர் அவர்களுடையதுதான். அவர்களுக்குப் பொதுக்குழுவில் ஓட்டும் கிடையாது, பதில் சொல்ல மேடையும் கிடையாது. வாடகை ஒப்பந்தத்தில் ஆணி அடிக்கக் கூடாது என்று எழுதத் தெரிந்த உரிமையாளர்களுக்குக் குப்பையைப் பிரித்துத் தர வேண்டும் என்று ஒரு வரி சேர்க்க முடியாதா?

நாற்றம், எலி, மதிப்பு. உரக்குழி நாறும் என்பது பாதி உண்மை. ஈரம் மிஞ்சி, காற்று புகாமல், வெறும் சோறும் குழம்பும் அடைந்து கிடந்தால் எந்தக் குழியும் நாறும். அதற்கு மருந்து, ஒவ்வொரு அடுக்குக்கும் மேலே காய்ந்த இலையோ தென்னை நார்க்கழிவோ போட்டு, அவ்வப்போது கிளறிவிடுவது. இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. இந்த வளாகங்களில் தினமும் காலையில் தோட்டத்துச் சருகைக் கூட்டிக் கட்டி வெளியே அனுப்புகிறார்கள், இல்லையென்றால் பின்பக்கம் கொளுத்துகிறார்கள். ஈரக் குப்பை இன்னொரு வாசல் வழியாக வெளியே போகிறது. அப்புறம் புல்தரைக்கு எரு வேண்டும் என்று காசு கொடுத்து மூட்டை மூட்டையாக வாங்குகிறார்கள். உரத்துக்கு வேண்டிய இரண்டு பொருளையும் செலவு செய்து வெளியே அனுப்பிவிட்டு, உரத்தை மூன்றாவதாகச் செலவு செய்து உள்ளே கொண்டுவரும் இந்த வரவு செலவை ஆண்டுதோறும் தணிக்கையாளர் கையெழுத்திட்டுத் தருகிறார்.

வீட்டு மதிப்பு பற்றி ஒரு வார்த்தை. நண்பரின் வளாகம் இருக்கும் அந்தச் சாலையிலிருந்து பெருங்குடிக் குப்பைமேடு தொலைவில் இல்லை. 200 ஏக்கருக்கு மேல் பரந்து, பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைத் தின்று வளர்ந்த மேடு அது. 2022 ஏப்ரல் இறுதியில் அது பற்றிக்கொண்டு நாட்கணக்கில் எரிந்தபோது சுற்றுவட்டாரக் குடியிருப்புகள் சன்னல்களை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. அதே ஆண்டு ஜூலையில் அதே சதுப்பு நிலத்துக்கு உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சார் தகுதியும் கிடைத்தது. அந்த மேடு எதனால் பற்றிக்கொள்கிறது? ஈரக் குப்பை காற்றில்லாமல் அழுகும்போது மீத்தேன் உண்டாகிறது, பக்கத்திலேயே பிளாஸ்டிக் எரிபொருளாகக் கிடக்கிறது, கோடையில் ஒரு பொறி போதும். இரண்டையும் சேர்த்துக் கட்டி அனுப்பியது கருப்புக் கவர். வளாகத்தின் மூலையில் உரக்குழி இருந்தால் வீட்டின் விலை இறங்கும் என்று பயப்படுகிறவர், சன்னலுக்கு வெளியே தன் குப்பையே புகைந்துகொண்டிருந்தபோது விலையைப் பற்றி என்ன நினைத்தார் என்று எழுதியிருக்கலாம்.

எரிப்பதற்கு வருவோம். சிங்கப்பூரை இழுக்காமல் நம்மவர்களால் குப்பையைப் பற்றிப் பேச முடிவதில்லை. சிங்கப்பூர் எரிக்கிறது, உண்மை. சாம்பலைக் கொண்டுபோய்க் கொட்ட 1999-இல் செமக்காவ் தீவில் கடலை மறித்து ஒரு நிரப்பிடம் திறந்தார்கள். அது 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்பது அவர்கள் அரசே சொல்லும் கணக்கு. அந்தக் கவலையில்தான் அரசு கட்டிய அடுக்குமாடிகளின் கீழே நீலத் தொட்டி வைத்தார்கள். 2014 முதல் கட்டும் புதிய அடுக்குகளில் மறுசுழற்சிப் பொருளுக்கென்று இரண்டாவது குப்பைக் குழாயே வைத்துக் கட்டுகிறார்கள். இருந்தும் 2024-இல் வீடுகளின் மறுசுழற்சி விகிதம் 11 சதவீதம்தான். நீலத் தொட்டிகளில் விழுவதில் ஏறத்தாழ 40 சதவீதம் சாப்பாடும் எண்ணெயும் பட்டுக் கெட்டுப்போவதாக அவர்களே புலம்புகிறார்கள். அபராதத்துக்குப் பேர்போன ஊரிலேயே, யாரும் பார்க்காத பொதுத்தொட்டி என்றால் இந்தக் கதி. நண்பர் காட்டிய முன்மாதிரி நாடு, அவர் தேவையில்லை என்று தள்ளிய வேலையைத்தான் இத்தனை ஆண்டாகச் செய்ய முயன்று திணறிக்கொண்டிருக்கிறது.

நம் ஊர்க் குப்பையை எரிப்பது இன்னும் வில்லங்கம். பாதி சோறும் சாம்பாருமாக இருக்கும் ஈரமான பையை எரிக்க முதலில் அதை உலர்த்த வேண்டும். மறுசுழற்சிக்கு ஆகாத, கிலோவுக்கு 1,500 கிலோகலோரிக்குக் குறையாத குப்பைதான் எரிசக்திக்கு என்று 2016 விதிகள் வரையறுத்தது இதனால்தான். அதாவது எரிப்பதற்கும் முதலில் பிரித்தாக வேண்டும். எரி உலை எங்கே வரும் என்ற கேள்வியும் இருக்கிறது. அது பழைய மகாபலிபுரம் சாலையில் நீச்சல் குளத்துக்குப் பக்கத்தில் வருவதில்லை. கொடுங்கையூரில் வரும்படிதான் திட்டம் போட்டார்கள். முந்நூறு ஏக்கருக்கும் மேற்பட்ட குப்பைமேட்டோடு பல பத்தாண்டுகளாக வாழும் வடசென்னை மக்கள் 2025-இல் அந்தத் திட்டத்துக்கு எதிராகக் கைகோத்து மனிதச் சங்கிலியாக நின்றார்கள். நண்பரின் கட்டுரையில் அவர்கள் ஒரு காற்புள்ளியாகக்கூட இல்லை.

பொறுக்குகிறவர்களுக்காக அவர் உருகியதைப் பற்றி அவர்களையே கேட்டிருக்கலாம். புனேயில் 1993-இல் சங்கமாகத் திரண்ட குப்பை சேகரிப்போர், பின்னாளில் ஸ்வச் என்ற தங்கள் சொந்தக் கூட்டுறவைக் கட்டி, வீட்டுக்கு வீடு போய்க் கட்டணம் பெற்றுக் குப்பை எடுக்கிறார்கள். பெங்களூரில் ஹசிரு தளா என்ற அமைப்பு இதே வகையில் வளாகங்களோடு ஒப்பந்தம் போட்டு வேலை செய்கிறது. இரு ஊரிலும் அவர்கள் கேட்பது பிரித்துக் கொடுங்கள் என்பதைத்தான். காரணம் எளிது. காய்ந்த அட்டைக்கு ஒரு விலை, குழம்பில் நனைந்த அட்டைக்கு விலையே இல்லை. கலந்த பையைத் துழாவும் கையில் உடைந்த கண்ணாடியும், இன்சுலின் ஊசியும், நாப்கினும் தட்டுப்படுகின்றன. நீங்கள் கலந்து கொடுப்பது அவர்களுக்குச் செய்யும் தருமம் என்றால், அந்தத் தருமத்தை அவர்கள் எந்தக் காலத்திலும் கேட்டதில்லை.

பெங்களூரைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்றும். மண்டூர் கிராமத்து மக்கள் குப்பை லாரிகளை எதிர்த்துப் போராடி, 2014-இல் அங்கே கொட்டுவதை நிறுத்த வைத்தார்கள். போய்க் கொட்ட இடமில்லாத நெருக்கடியில்தான் அந்த நகரம் பிரிப்பதைப் பற்றி உண்மையாகப் பேச ஆரம்பித்தது. 2015 இறுதியில் கர்நாடக உயர்நீதிமன்றம் இரண்டு வாளி ஒரு பை என்ற முறையை உறுதிப்படுத்தியது. ஈரத்துக்குப் பச்சை, கழிவறைக் கழிவுக்குச் சிவப்பு, உலர்ந்ததுக்கு ஒரு பை. வாளிக்குள் பிளாஸ்டிக் கவர் போடாதே என்பதுதான் அதில் கிடைத்த பெரிய பாடம். கவர் போனால் ஒளித்து வைக்க இடமில்லை. எல்லா வளாகமும் திருந்திவிட்டது என்று கதை அளக்க மாட்டேன். ஆனால் எந்த வளாகம் சொதப்புகிறது என்று கண்டுபிடிக்க அங்கே மூடியைத் திறந்து பார்த்தால் போதும்.

இதையெல்லாம் மறுப்பது கடினமாக இல்லை. வருத்தம் என்னவென்றால், இதில் உண்மையிலேயே கடினமான கேள்விகள் இருக்கின்றன, அவற்றில் ஒன்றையும் அவர் கேட்கவில்லை. சிப்ஸ் பாக்கெட், ஷாம்பு சாஷே, பிஸ்கட் உறை என்று பல அடுக்கு ஒட்டிய பிளாஸ்டிக்கை எந்தக் காயலான் கடையும் வாங்காது. உலர் குப்பை எடுக்க வருபவர் விலை போகிறதை எடுத்துக்கொண்டு இதை மூலையில் விட்டுப் போவார். அடுத்த மாதம் அந்த அறை நிரம்பி வழியும், கமிட்டியில் சண்டை வரும், திட்டம் அங்கேதான் சாகும். இதை எடுத்துச் சென்று சிமென்ட் ஆலைக்கு அனுப்புவேன் என்று எழுத்தில் உறுதி தராதவரோடு ஒப்பந்தம் போடக் கூடாது என்பது அனுபவப்பட்ட சங்கங்களின் பாலபாடம். அரியலூர் வட்டாரச் சூளைகளில் இது நிலக்கரிக்குத் துணையாக எரிகிறது. அதுவும் எரிப்புதான், நல்ல தீர்வு என்று சொல்ல மாட்டேன். உறையைத் தயாரித்த நிறுவனத்தையே பொறுப்பாக்கும் விதிகள் காகிதத்தில் இருக்கின்றன. அவை ஏன் வளாக வாசல்வரை வந்து சேரவில்லை என்று நண்பர் சங்கத்தின் லெட்டர்பேடில் ஒரு கடிதம் எழுதியிருந்தால், அவருடைய கிண்டல் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

குப்பைக் குழாய் இன்னொன்று. பதினான்காவது மாடியிலிருந்து தள்ளிவிட்ட பை கீழே விழும்போது கிழியாமல் இருக்காது. அதுவரை பிரிந்திருந்ததும் அங்கே ஒன்றாகிவிடும், கரப்பானுக்கு மாடி மாடியாக நெடுஞ்சாலையும் கிடைக்கும். சொகுசு வசதி என்று பில்டர் விளம்பரத்தில் போட்டு விற்ற அந்தக் குழாயின் கதவுகளைப் பூட்டாமல் எந்த வளாகத்திலும் பிரிப்பு நிலைக்காது. பூட்டப் போனால் பொதுக்குழுவில் ஓட்டு விழாது. வீட்டு வேலை செய்யும் அக்காக்களிடம் யார் சொல்வது என்பது அடுத்த சிக்கல். பெரும்பாலான வீடுகளில் வாளியைத் தொடுகிறவர் அவர்தான், சுற்றறிக்கையோ ஆங்கிலத்தில் உரிமையாளர்களின் வாட்ஸ்அப் குழுவுக்குப் போகிறது. கமிட்டி வருடத்துக்கு ஒருமுறை மாறுகிறது, புதிதாக வருகிறவர் பழையவர் தொடங்கியதை முடக்குவதைத்தான் முதல் சாதனையாக வைத்துக்கொள்கிறார். இவற்றைப் பற்றி எழுத ஒருவருக்குச் சங்க அனுபவம் வேண்டும். நண்பருக்கு அது இருந்திருக்கிறது, என்ன பயன்?

கட்டுரையின் முடிவில் அவர் ஒரு தீர்வும் தருகிறார். ஹவுஸ்கீப்பிங் பெண்களுக்கு ஆளுக்கு மாதம் ஐந்நூறு ரூபாய் கூடக் கொடுத்து, கீழ்த்தளத்தில் வைத்து அவர்களையே பிரிக்கச் சொல்லிவிடலாமாம். கையுறை சங்கமே வாங்கித் தருமாம். அதுவரை பிரிக்கவே முடியாது, பழக்கம் வராது, பயனில்லை, பொழுதுபோக்கு என்று நான்கு பக்கம் வாதாடியவர், ஐந்நூறு ரூபாய் என்றதும் முடியும் என்கிறார். ஆக, அவருக்கும் தெரிந்திருக்கிறது. இந்தக் குப்பை எப்போதுமே பிரிக்கப்படத்தான் போகிறது. சமையலறையில், காய்ந்திருக்கும்போது, அரை நிமிட வேலையாக முடியலாம். இல்லையென்றால் கீழ்த்தளத்தில், ஊறி நாறிய பிறகு, 350 கிலோவையும் ஒரு பெண் கிளறிக்கொண்டு நிற்கலாம். அவர் இரண்டாவதைத் தேர்ந்தெடுக்கிறார். ஏன் அந்தக் கை, அது எப்போதும் ஏன் அதே சாதிகளின் கையாகவே இருந்துவருகிறது என்று கேட்டால் அரசியல் பேசாதே என்பார். பேசாமல் எப்படி? தமிழ்நாடு குப்பை அள்ளுபவர்களைத் தூய்மைப் பணியாளர் என்று மரியாதையாக அழைக்கத் தொடங்கிச் சில ஆண்டுகள் ஆகின்றன. நம் டயபரைப் பிரித்துப் பார்ப்பது அந்த மரியாதையில் சேர்த்தி இல்லை.

அடுத்த பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவரப் போவதாகவும் எழுதியிருக்கிறார். கொண்டுவரட்டும். கூடவே ஒரு திருத்தத்தை நான் முன்மொழிகிறேன். தீர்மானத்தின் மீது ஓட்டெடுக்கும் முன், அதை ஆதரிக்கும் ஒவ்வொருவரும் அன்றைய தங்கள் வீட்டுப் பையை மேடைக்குக் கொண்டுவந்து, தங்கள் பெயர் சொல்லி, சங்கம் வாங்கித் தரும் அதே கையுறையை மாட்டிக்கொண்டு, எல்லார் முன்னிலையிலும் திறந்து பிரித்துக் காட்ட வேண்டும். நண்பர் முன்மொழிகிறவர் என்பதால் அவருடைய பைதான் முதலில்.